சம்பந்தியம்மா விழுங்காத ஊசி

“ஸ்ஸ்” என்றாள் சீனியம்மாள். அவ்வளவுதான். எறும்பு கடித்திருந்தால்கூட இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கத்தியிருப்பாள்.

நர்ஸ் எஸ்தர் பாக்கியம் திரும்பிப் பார்த்தாள். சீனியம்மாள் இடது கையுறையைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். நுனியில் கடுகளவு சிவப்பு. மேஜை மேல் இருந்த தட்டில், பஞ்சுக் குவியலுக்கு அடியிலிருந்து ஓர் ஊசி எட்டிப் பார்த்தது.

அதை அங்கே விட்டவள் எஸ்தர். ரத்தம் எடுத்த கையோடு ஊசியைப் பின்கட்டு இயந்திரத்தில் போட்டிருக்க வேண்டும். அதற்குள் வாசலில் நாய்க்கடி கேஸ் ஒன்று அலறிக்கொண்டு வந்தது. பஞ்சோடு பஞ்சாக வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வருவதற்குள் சீனியம்மாள் தட்டை அள்ளியிருந்தாள்.

“பிதுக்காத! சோப்புப் போட்டுக் கழுவு. பைப்புத் தண்ணி ஓடட்டும்.”

சீனியம்மாள் கழுவினாள். கழுவிக்கொண்டே சொன்னாள்: “சிஸ்டர், சம்பந்தியம்மாகிட்டச் சொல்லிராதீக.”

நத்தக்குளம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த இயந்திரத்துக்கு அதுதான் பெயர். அரசாங்கக் காகிதத்தில் அது ‘தூயன்’. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், வாங்கிய கையோடு ஒரு குறையும் சொல்லும் என்பதால் மருந்தாளுநர் அய்யலுசாமி முதல் வாரத்திலேயே ‘சம்பந்தியம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார். பீரோ உயரம், எவர்சில்வர் உடம்பு, நெஞ்சில் ஒரு வாய். ஊசி, பஞ்சு, ரத்தப் பை, பிரசவக் கழிவு எது போட்டாலும் நாலே நிமிடம். அடியில் வெள்ளை மாவு மட்டும் விழும். மண்ணில் போட்டால் மண் கெடாது, மாடு நக்கினால் மாடு சாகாது.

இரண்டு வருடத்துக்கு முன் அதைப் பொருத்த வந்த எஞ்சினியர் பையன் பிரணவ், எல்லோரையும் நிற்க வைத்து விளக்கியது எஸ்தருக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“இது சும்மா எரிக்கிற மிஷின் இல்ல மேடம். ஒவ்வொரு ஊசியிலயும் ஒட்டியிருக்கிற ரத்தத்தைப் படிச்சிடும். யார் ரத்தம், என்ன கிருமி, என்னைக்கு எடுத்தது, எல்லாம். ஆறு மாசம் காஞ்ச ரத்தத்தைக்கூடப் படிக்கும்.”

“படிச்சு என்னங்க தம்பி செய்யப்போவுது? பரீட்சையா எழுதப்போவுது?” என்றார் அய்யலுசாமி.

“ஒரே ஊசியில ரெண்டு பேர் ரத்தம் இருந்தா என்ன அர்த்தம் சார்? இங்க வேலை பார்க்கிற யாரையோ குத்திடுச்சுன்னு அர்த்தம். உடனே டாக்டருக்குத் தகவல் போயிடும். மூணு நாளைக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா பெரிய வியாதி எதுவும் ஒட்டாது. உங்களைக் காப்பாத்தத்தான் சார் இது.”

நல்ல நோக்கம்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அடுத்த வாரமே துப்புரவுப் பணியாளர் பேச்சியம்மாளை ஊசி குத்தியது. சம்பந்தியம்மா சொன்னாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். பேச்சியம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆள் எடுக்கும் ஒப்பந்தக் கம்பெனி, ‘பணியாளர் நலன் கருதி’ ஆறு மாத ஓய்வு என்று வீட்டுக்கு அனுப்பியது. ஆறு மாதம் கழித்துப் பேச்சியம்மாள் வந்தபோது அவளுடைய துடைப்பத்தோடு சீனியம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

அதன் பிறகு நத்தக்குளத்தில் யாரையும் எந்த ஊசியும் குத்தவில்லை. ‘குத்துக்காயமே இல்லாத நிலையம்’ என்று மாவட்டத்தில் கொடுத்த சான்றிதழ், கண்ணாடிச் சட்டம் போட்டு டாக்டர் அறை வாசலில் தொங்குகிறது.

“பேச்சியக்கா மாதிரி என்னையும் ஏறக்கட்டிருவாக சிஸ்டர். புருசன் இல்லாதவ. மாரிக்கனி காலேஜு ரெண்டாம் வருசம். ஒங்களுக்குத் தெரியாததா?”

எஸ்தருக்குத் தெரியும். நிலையத்தில் எது கொடுத்தாலும் சீனியம்மாள் வாயில் போட்டுப் பார்த்ததில்லை. கடலை மிட்டாய், பிஸ்கட், ரத்ததான முகாமில் மிஞ்சிய ஜூஸ், எல்லாம் முந்தானை முடிச்சில் ஏறி மாரிக்கனிக்குப் போகும். “மகளா அது, கஜானா” என்பார் அய்யலுசாமி.

இன்னொன்றும் எஸ்தருக்குத் தெரியும். ஊசியை யார் பஞ்சில் விட்டது என்றும் மெமோவில் கேட்பார்கள்.

“யாரு ஊசி அது?” என்று தன்னையே கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு பதிவேட்டைப் பார்த்தாள். திருமேனி சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கால் புண்ணுக்குக் கட்டு மாற்றவும் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கவும் வந்தவர். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. நெற்றியில் விபூதி. “நல்லா இருக்கியாம்மா” என்று கேட்டுவிட்டுத்தான் கையையே நீட்டுவார்.

‘அவருக்கு என்ன இருக்கப்போகிறது’ என்று நினைத்தாள் எஸ்தர். இருபது வருடம் சர்வீஸ் போட்ட நர்ஸ், ஒரு மனிதனின் ரத்தத்தை அவன் வேட்டியின் வெளுப்பைப் பார்த்துத் தீர்மானித்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் இரண்டு நிமிட வேலை. குத்திய ஊசியைக் காலி மருந்துக் குப்பி ஒன்றில் போட்டு ரப்பர் மூடியை அழுத்தினாள். புது ஊசி ஒன்றைப் பிரித்து, திருமேனி சாரின் ரத்தம் நனைந்த பஞ்சில் தொட்டாள். வழங்கிய ஊசி பதினேழு, திரும்பியதும் பதினேழாக இருக்க வேண்டும் அல்லவா? ஒரே ஆளின் ரத்தம்தான் ஊசியில் இருக்கும். சீனியம்மாளுக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பின்பக்கம் வேப்பமரத்தடியில் பழைய ஊசிக்குழி இருந்தது. இயந்திரம் வந்த அன்று உள்ளே கிடந்த பழைய ஊசிகள் மேல் சிமெண்ட் ஊற்றி, மேலே ஒரு மூடியும் பூசிவிட்டார்கள். மூடியில் நீட்டிக்கொண்டிருந்த அகலக் குழாயை மட்டும் யாரும் அறுக்கவில்லை. குப்பியை அதற்குள் நழுவவிட்டாள். கிணுக் என்று ஒரு சத்தம்.

திரும்பி வந்து மாற்று ஊசியை இயந்திரத்தின் வாயில் போட்டாள்.

நாலு நிமிடம்.

மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது. மூன்றாவது முறையும் எரிந்தது.

“எண்ணிக்கை சரி” என்றது பெண் குரல்.

இயந்திரத்தின் பக்கவாட்டில் பிரணவ் ஒட்டிவிட்டுப் போன அட்டை இருந்தது. அதைப் படிக்க வேண்டிய அவசியம் எஸ்தருக்கு இல்லை. ஒரு முறை என்றால் காமாலைக் கிருமியில் ஒரு வகை. இரண்டு என்றால் இன்னொரு வகை. மூன்று என்றால் எச்.ஐ.வி.

அவள் அழவில்லை. பதறவும் இல்லை. பல் பிடுங்கும்முன் போடும் மரப்பு ஊசி, ஈறில் போட்டது உடம்பு முழுக்க இறங்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. சீனியம்மாள் அந்தப் பக்கம் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாளியில் துணி முங்கி எழும் சத்தம் எங்கோ பக்கத்து ஊரிலிருந்து வருவதுபோல் கேட்டது.

முந்நூறு பேரைக் குத்தினால் ஒருவருக்குத்தான் ஒட்டும். படித்திருக்கிறாள். மூன்று நாளைக்குள் மாத்திரை ஆரம்பித்தால் அதுவும் இல்லை. இருபத்தெட்டு நாள் மாத்திரை. ஆனால் குத்துக்காயம் பதிவானால்தான் தாலுகா ஆஸ்பத்திரியில் அதைத் தருவார்கள். பதிவானால் சீனியம்மாளுக்கு வேலை இல்லை.

நிரந்தர நர்ஸுக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. பிரசவ அறையிலிருந்து மூன்று மாதம் விலக்கி வைப்பார்கள். அவ்வளவுதான்.

எஸ்தர் இன்னொரு புது ஊசியைப் பிரித்தாள். ‘முதல் முறை நரம்பு கிடைக்கவில்லை, இரண்டாவது ஊசி’ என்று பதிவேட்டில் எழுதினாள். பஞ்சில் இன்னும் ஈரம் இருந்தது. ஊசி நுனியை அதில் தொட்டாள். வேறொரு சுத்தமான ஊசியால் தன் மோதிர விரலில் குத்தி, வந்த சொட்டையும் அதன் மேலேயே தடவினாள். வலிக்கவில்லை.

இந்த முறை சம்பந்தியம்மா சிவப்பாக எரிந்து கூவினாள்.

டாக்டர் நிலோஃபர் ஓடி வந்தாள். இருபத்தொன்பது வயது. வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மிண்ட். இப்போது அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, “உங்களுக்கா சிஸ்டர்? நீங்களா?” என்றாள்.

“ஆமா டாக்டர். கவனம் தப்பிருச்சு.”

“கிளம்புங்க. ஆம்புலன்ஸ்லயே போங்க. திருமேனி சாரை நான் கூப்பிட்டுப் பக்குவமாச் சொல்லிக்கறேன். பாவம், அவருக்கே தெரியாது.”

சாயங்காலம் எஸ்தர் மாத்திரைப் பாட்டிலோடு திரும்பினாள். லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு, பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்த சீனியம்மாளிடம் கொடுத்தாள்.

“இந்தா. சத்து மாத்திரை. ஊசி குத்துனதுக்கு நல்லது. ராத்திரி சாப்பிட்டுட்டு ஒண்ணு. ஒரு நாள்கூட விடக் கூடாது. இன்னைக்கே ஆரம்பி.”

“எம்புட்டு நாளைக்கு சிஸ்டர்?”

“முடியிற வரைக்கும்.”

“நீங்க சொன்னா சரி” என்று வாங்கிக்கொண்டாள் சீனியம்மாள். பஸ் வந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் பஸ்ஸிலேயே அழுவாள். விதவைக்கு அந்த வியாதி என்று ஊர் ஒருமுறை பேச ஆரம்பித்தால், ஊசி என்று எத்தனை பேரிடம் சொல்லி முடியும்? எதற்கு? மாத்திரை உள்ளே போனால் போதாதா?

அந்த நாலு வாரமும் எஸ்தர் எதையும் பெரிதாக உணரவில்லை. அவளுடைய டம்ளரை அலமாரியின் கீழ்த்தட்டுக்கு யாரோ மாற்றியிருந்தார்கள். அய்யலுசாமி அவளுக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ கொண்டுவந்தார். “சூடு அதுலதான்மா நிக்கும்” என்றார். கண்ணைப் பார்க்கவில்லை. கணவன் ஞானசிகாமணி இடுப்பு வலி என்று சொல்லிப் பாயை ஹாலுக்குக் கொண்டுபோனான். ஜெபக்கூட்டத்தில் அவளுக்காகத் தனியாக ஜெபித்தார்கள், என்ன காரணம் என்று சொல்லாமல். எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது.

சீனியம்மாள் மட்டும் எஸ்தர் குடித்த டம்ளரையே அலசி அதிலேயே தனக்கும் டீ ஊற்றிக் குடித்தாள்.

“மாத்திரை போடுறியா?” என்று எஸ்தர் தினமும் கேட்பாள்.

“அதெல்லாம் கரெக்டாப் போயிட்டு இருக்கு சிஸ்டர்.”

இருபத்தாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் வர மாட்டாள். அய்யலுசாமி லீவு. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வெயில் வராந்தாவில் ஏறியிருந்தது. சீனியம்மாள் மாத்திரைப் பாட்டிலை மேஜையில் வைத்தாள். உள்ளே மூன்று மாத்திரை உருண்டது.

“சிஸ்டர், இது போதும்னு நெனைக்கேன். புள்ள போட மாட்டேங்கா. போட்டா தல சுத்துதாம், கொமட்டுதாம். மொத வாரம் தெம்பாத்தான் இருந்தா…”

எஸ்தர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தாள். “எந்தப் புள்ள?”

“மாரிக்கனிதான். வேற எந்தப் புள்ள?”

“நீ போடலையா?”

“எனக்கு எதுக்கு சிஸ்டர் சத்து? நான் என்ன படிக்கப்போறேனா?” என்று சிரித்தாள் சீனியம்மாள். “மொத நாளே அவகிட்டக் குடுத்துட்டேன். நல்ல மாத்திரையா இருக்கேன்னு…”

சிரிப்பு பாதியில் நின்றது. எஸ்தரின் முகத்தில் அவள் எதையோ பார்த்துவிட்டாள்.

“ஏன் சிஸ்டர், புள்ளைக்கு ஏதும் ஆயிருமா?”

“அவளுக்கு ஒண்ணும் ஆகாது. நிறுத்துனாத் தலசுத்து நின்னுரும். நாளைக்குக் கூட்டிட்டு வா, டாக்டர் பாக்கட்டும்.” எஸ்தர் எழுந்து, நாற்காலியைச் சீனியம்மாள் பக்கம் தள்ளினாள். “உக்காருங்கக்கா.”

சர்வீஸில் முதன்முறையாக அவளை அக்கா என்றாள். சீனியம்மாள் உட்காரவில்லை. எஸ்தர் சொன்னாள். பஞ்சில் விட்ட ஊசி, மூன்று மஞ்சள், தன் விரலில் குத்திய ஊசி, சுரண்டிய லேபிள், எல்லாவற்றையும் பதிவேடு வாசிப்பதுபோல் வரிசையாகச் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

கேட்டு முடித்த சீனியம்மாள் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒரு தழும்புகூட இல்லை.

“அப்ப அது சத்து மாத்திரை இல்லையா?” என்றாள் கடைசியில்.

“இல்லக்கா.”

“சொல்லியிருந்தா முழுங்கியிருப்பேனே சிஸ்டர்.”

எஸ்தர் புதுக் கையுறை மாட்டிக்கொண்டாள்.

அங்கேயே சீனியம்மாளின் ரத்தம் எடுத்துச் சோதனைப் பட்டையில் விட்டுப் பார்த்தாள். ஒரு கோடுதான் வந்தது. இல்லை என்று அர்த்தம். ஆனால் மூன்று மாதம் முடிந்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். எஸ்தர் அதையும் மறைக்காமல் சொன்னாள்.

பிறகு பின்கட்டுக்குப் போனாள். இயந்திரத்தின் திரையில் விரலால் தட்டினாள். குத்துப்பட்டவர்: சீனியம்மாள். தேதி. நேரம். மறைத்தவர்: எஸ்தர் பாக்கியம்.

“ஊசி இல்லை. பதிவு ஏற்கப்படவில்லை” என்றாள் சம்பந்தியம்மா, குரலில் எந்த வித்தியாசமும் இல்லாமல்.

மறுபடி தட்டினாள். மறுபடி அதேதான்.

டாக்டருக்குப் போன் செய்தாள். சீனியம்மாளிடம் சொன்னதையெல்லாம் மறுபடி அவளிடமும் சொன்னாள். மறுமுனையில் பெப்பர்மிண்ட் பல்லில் தட்டும் சத்தம் நின்றது.

“ஊசி இல்லாம சிஸ்டம் ஏத்துக்காது சிஸ்டர். அப்படித்தான் செஞ்சிருக்காங்க, யாரும் பொய்யா எழுதக் கூடாதுன்னு.”

“மூணு மாசம் கழிச்சு ஏதாவது வந்தா டாக்டர்?”

“வந்தா… வேலை பார்த்த இடத்துல வந்ததுக்கு ஆதாரம் வேணும். இல்லாட்டி கம்பெனி எங்களுக்குச் சம்பந்தம் இல்லைம்பான். ஊர் என்ன சொல்லும்னு உங்களுக்கே தெரியும். அந்த ஊசிதான் அவங்களுக்குச் சாட்சி. அது எங்க?”

“பழைய குழியில.”

டாக்டரின் குரல் தணிந்தது.

“சிஸ்டர், இன்னைக்கு வேணாமே. நாளைக்கு நான் வந்தப்புறம் பார்த்துக்கலாம். நீங்களாத் தெறக்காதீங்க. ப்ளீஸ்.”

எஸ்தர் போனை வைத்தாள். ஸ்டோர் ரூமில் கடப்பாரை இருந்தது.

வேப்பமரத்தடியில் முதல் குத்துக்கே அவள் கை அதிர்ந்து கடப்பாரை நழுவியது. பின்னாலிருந்து ஒரு கை அதைப் பிடித்தது.

“குடுங்க சிஸ்டர். ஒங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இல்ல.”

“வேணாங்கா. நீங்க…”

“குப்பை அள்ளுறது என் வேலதானே” என்றாள் சீனியம்மாள். அதில் கோபம் இருந்ததா என்று எஸ்தரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏழாவது குத்தில் மூடி விரிசல் விட்டது. எட்டாவதில் ஒரு பாளம் பெயர்ந்தது. வெயில் குழிக்குள் நேராக இறங்கியது. இரண்டு வருடத்துக்கு முன் ஊற்றிய சிமெண்ட் தரை ஒரு முழ ஆழத்தில் தெரிய வேண்டும். அதன் மேல் ஒரே ஒரு குப்பி கிடக்க வேண்டும்.

சிமெண்ட் தரை தெரியவே இல்லை.

கண்ணாடி மின்னியது. குப்பிகள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குப்பிகள். பிளாஸ்டர் சுற்றியவை, பஞ்சு அடைத்தவை, தீப்பெட்டியில் வைத்து ரப்பர் பேண்ட் போட்டவை. அய்யலுசாமியின் கையெழுத்தில் ‘இருமல்’ என்று சீட்டு ஒட்டிய இரண்டு பாட்டில்கள். ரத்தப் பரிசோதனை பார்க்கும் லேப் தம்பியின் சோதனைக் குழாய்கள். ஓர் ஓரத்தில், துருப்பிடிக்காமல் பளபளவென்று ஒரு சின்னப் பெப்பர்மிண்ட் டப்பா. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஒரு ஊசி.

நாற்பதுக்குக் குறையாது. இயந்திரம் வந்த பிறகு ஒருவரையும் குத்தாத நாற்பது ஊசிகள்.

சீனியம்மாள் கடப்பாரையைச் சாய்த்துவிட்டுக் குழி விளிம்பில் குந்தினாள். எட்டிப் பார்த்தாள். யார் யார் என்று அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். அந்தப் பேப்பர் கப், அந்தக் கீழ்த்தட்டு டம்ளர், அந்தச் சட்டம் போட்ட சான்றிதழ், எதைப் பற்றியும் அவள் பேசவில்லை.

“சிஸ்டர்” என்றாள். “இதுல எது என்னுது?”

எஸ்தர் குனிந்து தேடினாள். அவள் போட்டது சீட்டில்லாத சாதாரணக் குப்பி. அதேபோல் குறைந்தது இருபது இருக்கும்.

“தெரியலக்கா. எல்லாத்தையும் உள்ள போட்டாத்தான் தெரியும்.”

“எல்லாத்தையுமா? போட்டா எல்லாருக்கும்ல…” என்று ஆரம்பித்த சீனியம்மாள் நிறுத்திக்கொண்டாள்.

மேஜை மேல் விட்டு வந்த போன் உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது. எஸ்தர் கையுறை மேல் கையுறையாக இரண்டு ஜோடி போட்டுக்கொண்டாள். இன்னும் இரண்டு ஜோடியைச் சீனியம்மாளிடம் நீட்டினாள். அவள் போட்டு முடிக்கும்வரை காத்திருந்து, நீள இடுக்கியைக் குழிக்குள் இறக்கினாள். முதலில் அகப்பட்டது பெப்பர்மிண்ட் டப்பா. அதைத் தட்டில் வைத்தாள். அவள் விரல்களுக்கு எந்த உணர்ச்சியும் இல்லை. அதனாலேயே அவை நடுங்கவும் இல்லை.

பின்கட்டிலிருந்து, தினமும் கணக்குச் சொல்லும் வழக்கமான நேரத்துக்கு, சம்பந்தியம்மாவின் வழக்கமான குரல் கேட்டது.

“எண்ணிக்கை சரி.”